ஐந்து நாளில் ஐந்து கிலோ: போனது எது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வயது 38, உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ, இருப்பது கிளிநொச்சி. ஆவணியில் தம்பியின் கலியாணம், இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை 'ஐந்து நாள் உடல் சுத்திகரிப்பு' என்று ஒரு பைக்கற் வாங்கிக் குடித்து ஐந்து கிலோ குறைந்துவிட்டாள். காலையில் எலுமிச்சைத் தண்ணீர், பகலில் பச்சைச் சாறு, படுக்கப் போகும்போது மூலிகைத் தேத்தண்ணீர். ஐந்து நாளும் சோறு கிடையாது. கனடாவில் இருக்கிற மச்சாளும் "நல்ல சாமான், நானும் செய்தனான்" என்கிறா. விலை 6,500 ரூபா. "குடிக்கலாமோ அக்கா, உண்மையா மெலியுமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தராசில் நிறை குறையும், அது பொய்யில்லை. ஆனால் அந்தக் குறைவில் கொழுப்பு ஒரு கிலோ கூட வராது. மிச்சமெல்லாம் கலியாண வீட்டுச் சோற்றோடு திரும்பி வரும். பைக்கற்றை வாங்காதீர்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். 27 வருஷம் தாதியாக நின்றவள் நான், அதில் கடைசிப் பதினொரு வருஷம் நீரிழிவு கிளினிக்கில். சுருக்கமாகக் கதைக்கிற பழக்கம் அங்கேயே போய்விட்டது.

அந்த ஐந்து கிலோவை உடைத்துப் பார்ப்போம். நாங்கள் சாப்பிடுகிற சோறு, பாண், இடியப்பம் எல்லாம் வயிற்றுக்குள் சீனியாக உடைகின்றன. உடனே செலவாகாத பங்கை ஈரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற வடிவில் எடுத்து வைத்துக்கொள்ளும். ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 300, 400 கிராம். இந்தக் கிளைக்கோஜன் தனியே இருக்காது. ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் இந்த இருப்பின் பெரும்பங்கு கரைந்துவிடும், அது பிடித்திருந்த தண்ணீர் சலமாக வெளியே போகும். இதிலேயே ஒன்றரைக் கிலோ அளவு போய்விட்டது.

அடுத்தது உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைன் போத்தலைக் கண்டிருப்பீர்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதுதான் சேலைன். உடம்பும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைத்திருக்கும். கருவாடு, ஊறுகாய், சம்பல், அப்பளம் என்று சாப்பிடுகிற எங்கள் ஆட்கள் ஐந்து நாள் உப்பில்லாத சாறு குடித்தால், உடம்பிலிருந்து ஒன்பது கிராம் உப்பு வெளியேறுவது பெரிய காரியமில்லை. அதோடு ஒரு லீற்றர் தண்ணீர் போகும். தண்ணீர் ஒரு லீற்றர் என்றால் தராசில் ஒரு கிலோ.

பிறகு குடலில் எந்நேரமும் கிடக்கிற சாப்பாட்டு மிச்சம். சோறும் கறியும் உள்ளே போகாத இடத்தில், பேதியும் சேர்ந்தால் அதுவும் வெளியேறும். பேதி என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் அனுப்பிய படத்தில் பைக்கற்றின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு பச்சை இலையும் பனித்துளியும். பின்பக்கம் 'இயற்கை மூலிகைகள்' என்ற தலைப்புக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஏழெட்டுப் பெயர்கள், மூன்றாவதாகச் சென்னா. அது வேறொன்றுமில்லை, எங்கள் நிலாவாரைதான். இரவுத் தேத்தண்ணீரின் மகிமை முழுக்க அந்த இலையில் இருக்கிறது.

இனிக் கொழுப்பு. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. உங்கள் வயது, உயரம், நிறைக்கு வீட்டு வேலையோடு ஒரு நாளைக்குச் செலவாவது 1,900 கலோரி அளவு. ஐந்து நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்காமல் கிடந்தாலும் 9,500. அத்தனையும் கொழுப்பிலிருந்தே எடுத்தாலும் ஒன்றேகால் கிலோதான். சாறு, தேன் என்று நாளைக்கு ஒரு 600 கலோரி உள்ளே போனால் 800 கிராமுக்கு இறங்கிவிடும். அதிலும் உடம்பு முழுவதையும் கொழுப்பிலிருந்து எடுக்காது, தசையையும் கொஞ்சம் அரித்துத்தான் தின்னும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஐந்து கிலோவில் நாலு கிலோவுக்கு மேல் தண்ணீரும் மலமும் என்று நான் சொல்வது பொறாமையில் இல்லை, கணக்கில்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்ததோடு விடவில்லை. ஒரு வருஷம் கந்தசஷ்டிக்கு என்னையே நிறுத்துப் பார்த்தேன். ஆறு நாளும் பகல் முழுக்க ஒன்றுமில்லை, இரவில் ஒரு கோப்பை பாலும் இரண்டு வாழைப்பழமும். தினமும் விடிய, சலம் கழித்த கையோடு, ஒரே பருத்திச் சட்டையோடு, சமையலறைச் சீமெந்துத் தரையில் அதே இடத்தில் தராசை வைத்து ஏறுவேன். முதல் நாள் 68.4. மூன்றாம் நாள் 66.5. ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கப் போகுமுன் 65.6. கிட்டத்தட்ட மூன்று கிலோ! சாறியை ஒரு மடிப்புக் கூட வைத்துத்தான் கட்டினேன், மனதுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, முருகன் மன்னிக்கட்டும். ஏழாம் நாள் பாறணை. பூசணிக்காய்க் கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயாசம். அன்றிரவு மோதிரத்தைக் கழற்றக் கஷ்டமாக இருந்தது, விரல் அவ்வளவுக்குத் தண்ணீரை இழுத்திருந்தது. பாறணை முடிந்து நாலாம் நாள் விடிய ஏறினால் 67.5. ஆக மிஞ்சியது 900 கிராம். நாளைக்கு 1,800 செலவு, 500 வரவு, ஆறு நாளில் 7,800 கலோரி பற்றாக்குறை என்று கொப்பியில் கூட்டிப் பார்த்தேன். ஒரு கிலோ வருகிறது. கணக்கும் தராசும் இவ்வளவு கிட்ட வந்து நிற்கும் என்று நானே நினைக்கவில்லை. அந்த 900 கிராமும் கார்த்திகை விளக்கீட்டுக்குள் திரும்பிவிட்டது. விரதம் முடிந்த கையோடு வருகிற பசி ஒரு தனிப்பசி.

விரதம் வேறு காரியம். நேர்ந்து பிடிக்கிறோம், மனம் அடங்குகிறது, அதற்குத் தராசு தேவையில்லை. அதை மெலிகிற மருந்தாக விற்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

"அந்தக் காலத்திலை எங்கடை ஆக்களும் பேதிக்குக் குடிச்சவைதானே" என்று உங்கள் மாமி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குடித்தார்கள், உண்மை. நானும் குடித்தவள். பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் ஒரு விடியற்காலையில் அம்மம்மா எழுப்புவா. வெறும் வயிற்றில் ஆமணக்கெண்ணெய், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கு, பிறகு பால் விடாத கோப்பி. கிணற்றடிப் பக்கம் போகப் பாதை விட்டு வைத்திருப்பா. மத்தியானம் வரைக்கும் சுடுதண்ணீர் மட்டும். போக்கு அடங்கினதும் குளிக்க வார்த்து, குழைந்த கஞ்சியும் மோரும் தருவா. சித்த வைத்தியத்தில் நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி எடுக்கிற முறை இருக்கிறது, அதன் வீட்டு வடிவம்தான் இது. ஆனால் அம்மம்மா அதை ஏன் தந்தா? பூச்சி. காலில் செருப்பில்லாமல் வயலும் வளவும் திரிந்த பிள்ளைகள் நாங்கள், கொக்கிப்புழு உள்ளங்கால் தோலைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். வயிறு ஊதி, இரத்தம் குறைந்து, வெளிறிப்போன பிள்ளைக்குத்தான் பேதி. பூச்சி போனால் பிள்ளை *உடம்பு வைக்கும்* என்பதுதான் அந்த மனுசியின் கணக்கு! இன்றைக்கு அந்த வேலையை ஒரு மெபெண்டசோல் குளிசை செய்துவிடுகிறது. மெலிவதற்காக எங்கள் பரம்பரையில் யாரும் பேதி குடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

பேதியால் ஏன் மெலிய முடியாது என்பதற்கு உடம்பின் அமைப்பே பதில். சாப்பாட்டிலுள்ள சத்தை உறிஞ்சுவது சிறுகுடல், ஆறு மீற்றர் அளவு நீளம். நிலாவாரை வேலை செய்வதோ அதற்குப் பிறகு வருகிற பெருங்குடலில். சத்தெல்லாம் இரத்தத்தில் ஏறின பிறகு சக்கையையும் தண்ணீரையும்தான் அது தள்ளுகிறது. 1983 இல் அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்தார்கள். பேதி மருந்தால் நாலு முதல் ஆறு லீற்றர் வரை வயிற்றால் போனபோதும், சாப்பிட்ட கலோரியில் உடம்பு இழந்தது நூற்றுக்கு 12 வீதம் அளவுதான். ஆறு லீற்றர் போனால் ஆள் எழும்பி நடக்க முடியாது, அது வேறு கதை. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு முதல் நாள் குடலை முழுதாகக் கழுவ மருந்து கொடுப்போம். நிலாவாரையெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. குடலைக் கழுவினால் மெலியலாம் என்றால், அந்தப் பரிசோதனைக்குப் போய் வந்த ஒவ்வொருவரும் கொடி மாதிரி வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. இப்படிக் குடித்தவர்கள் "கறுப்புக் கறுப்பாக் கயிறு மாதிரி வந்தது அக்கா, எத்தினை வருஷக் கழிவோ" என்று போனில் படமெடுத்து அனுப்புவார்கள் (சாப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் வரும்). சில பைக்கற்றுகளில் இசப்கோல் உமியும் ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பார்கள். தண்ணீரில் ஊறினால் கூழாகித் திரண்டு கயிறாகும். அதைத்தான் காசு கொடுத்து வாங்கி, விழுங்கி, வெளியே எடுத்திருக்கிறார்கள். உள்ளே வருஷக்கணக்காக ஒட்டிக்கிடக்கிற கழிவு என்று ஒன்றில்லை. கழுவாத குடலின் உட்சுவரும் ஈரமான இளஞ்சிவப்புத்தான், அதன் மேற்தோல் சில நாளுக்கு ஒருமுறை தானே உரிந்து புதுசாகும்.

'நச்சு' என்ற சொல்லைப் பற்றி நீளக் கதைக்க விருப்பமில்லை. 2009 இல் பிரித்தானியாவில் விஞ்ஞானிகள் சிலர் கூடி, 'நச்சு நீக்கும்' என்று விற்கப்பட்ட 15 பொருட்களின் கம்பனிகளிடம் எந்த நச்சை, எப்படி நீக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒழுங்கான பதில் ஒன்றும் வரவில்லை. உங்கள் இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லீற்றரைச் சலமாக விடுகின்றன. ஈரல் தன் பங்குக்கு மருந்தையும் சாராயத்தையும் உடைக்கிறது. இரண்டும் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

எலுமிச்சைக்காவது தனிச் சக்தி இருக்கிறதா? கொரியாவில் 2015 அளவில் 84 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு ஏழு நாள் எலுமிச்சைச் சாறும் பாணியும், இன்னொரு பகுதிக்கு எலுமிச்சை இல்லாமல் அதே அளவு கலோரி, மூன்றாவது பகுதி வழமையான சாப்பாடு. முதல் இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தார்கள். சாப்பாடு குறைந்தது, நிறை குறைந்தது. எலுமிச்சை சும்மா சாட்சிக்கு நின்றிருக்கிறது.

இதுவரைக்கும் சொன்னது காசு வீண் என்பது. இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் மாமியும் சேர்ந்து குடிக்க யோசிக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள், அவவுக்கு நீரிழிவும் பிரஷரும் இருக்கிறது.

கிளினிக்கில் ஒரு காலை. பெயரும் ஊரும் வேண்டாம், ஐம்பது தாண்டிய ஒரு அம்மா. இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்தவ, பக்கத்தில் இருந்த ஆளோடு திடீரென்று சண்டை பிடிக்கத் தொடங்கினா. அமைதியான மனுசி, சண்டை பிடிக்கிற ஆளே இல்லை. கிட்டப் போய்க் கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரிக் குளிர், நெற்றி முழுக்க வியர்வை, சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கிடந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 42, ஆபத்தான இறக்கம். அவ காலையும் மாலையும் கிளிக்லசைட் போடுகிறவ. அந்தக் குளிசை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மகள் வாங்கிக் கொடுத்த சாற்றை மூன்று நாளாகக் குடித்துக்கொண்டு, சோற்றை நிறுத்திவிட்டு, குளிசையை மட்டும் நிறுத்தாமல் போட்டிருக்கிறா. "குளிசையைத் தவறவிடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னியள் மிஸ்" என்று குளுக்கோஸ் ஏறின பிறகு என்னைக் கேட்டா. என்ன சொல்ல? நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறா.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. பிரஷருக்கு லொசாட்டன் போன்ற குளிசையும் சலம் போகிற குளிசையும் சேர்த்துப் போடுகிறவர்கள் பேதியில் தண்ணீரை இழந்தால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் விழுந்துவிடும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்புத் தடுமாறும். எங்கள் பக்கத்துக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டுபிடிக்கப்பட்ட, காரணம் இன்னதென்று பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இருக்கிறது. பெரும்பாலும் வெயிலில் வயல் வேலை செய்கிறவர்கள். தொடக்கத்தில் ஒரு குணமும் காட்டாது. தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாத ஆள், பங்குனி வெயிலில் பேதி குடித்துவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பச்சைச் சாற்றையும் நம்பிவிடாதீர்கள். பசளி போன்ற சில கீரைகளில் ஒக்சலேற்று கூட. கறியாக ஒரு பிடி சாப்பிடுவது ஒன்று, இரண்டு கட்டைப் பச்சையாக அரைத்து வடித்துத் தினமும் குடிப்பது வேறொன்று. ஒக்சலேற்று சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நட்சத்திரமாக வெட்டுப்படுகிற காமரங்காயும் பிலிம்பிக்காயும் இதில் இன்னும் மோசம். வெறும் வயிற்றில் அவற்றின் சாறு வேண்டவே வேண்டாம். பச்சையாக ஏதாவது குடிக்கத்தான் வேண்டும் என்றால் வல்லாரை இலைக்கஞ்சி இருக்கிறது, அரிசி சேர்ந்தது, வயிறும் நிறையும்.

பைக்கற்றில் எழுதாத சாமானும் இருக்கலாம். சிபுட்ரமின் என்ற பசி அடக்கும் மருந்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010 இல் பல நாடுகளில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் 'முழுக்க இயற்கை' என்று விற்ற எத்தனையோ மெலிவுச் சாமான்களில் அது கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. பதிவு இலக்கம் இல்லாமல், போனில் ஓடர் எடுத்து, பஸ்ஸில் போட்டுவிடுகிற சாமானை யார் சோதித்தது?

பசி என்றால் என்ன என்று வன்னிக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2009 இல் அரிசி தேடித் திரிந்தவர்கள், தறப்பாளுக்குக் கீழே உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள்தான் இன்றைக்கு என் வயதிலும் உங்கள் வயதிலும் இருக்கிறோம். மீளக் குடியமர்ந்து மூன்று நாலு வருஷத்தில், அதுவரை ஒட்டி உலர்ந்து கிடந்த பெண்கள் சடசடவென்று உடம்பு வைத்ததைக் கிளினிக் கொப்பிகளில் வரிசையாகப் பார்த்தேன். சோம்பல், சாப்பாட்டு ஆசை என்று சிலர் பகிடி பண்ணினார்கள். 1944, 45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நிறையில் காற்பங்கு போனது. திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது கொழுப்புத்தான் முதலில் முந்திக்கொண்டு வந்தது, முன்பு இருந்ததற்கும் மேலே ஏறியது. தசை பின்தங்கியே வந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு, எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத வயிறு. பட்டினி கண்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களில் பலருக்கு இன்றைக்கும் பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சின சோற்றைக் கொட்ட மனம் வராது. வழித்து வாயில் போடுவோம். நீங்களும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து நாள் பட்டினி போட்டு அந்தப் பழைய பயத்தைத் திரும்ப ஏன் தட்டி எழுப்ப வேண்டும்?

"குறைச்சுச் சாப்பிட்டு நீரிழிவே மாறினது எண்டு பேப்பரிலை வந்ததே" என்று யாராவது கேட்பார்கள். வந்தது, சரிதான். 2017 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு. நாளைக்கு 850 கலோரிக்குள் மாச்சத்து, புரதம், விற்றமின் எல்லாம் அளந்து கலந்த பானம், மூன்று முதல் ஐந்து மாதம் வரை. தொடக்கத்திலேயே நீரிழிவு, பிரஷர்க் குளிசைகளை நிறுத்தி, அடிக்கடி பார்த்து, பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 வீதமானோருக்கு மருந்தில்லாமல் சீனி கட்டுப்பாட்டில் நின்றது. அது மாதக்கணக்கு, பக்கத்தில் டொக்டர். ஐந்து நாள் நிலாவாரைக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்கூட இல்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? நீங்கள் எழுதினதை வைத்தே சொல்கிறேன். மத்தியானமும் இரவும் சோறு, ஒரு நேரத்துக்கு முக்கால் சுண்டு அரிசி. தேத்தண்ணீர் நாலு தரம், தலைதட்டாத இரண்டு கரண்டி சீனி. பின்னேரம் பிள்ளைகளோடு பிஸ்கற்.

ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம், 700 கலோரி. அந்தக் காலத்தில் வயலில் குனிந்து நாற்று நட்டு, கதிர் அறுத்து, சூடு அடித்த ஆளுக்கு நேரத்துக்கு ஒரு சுண்டு போதாது. இப்போது வெட்டு மெசின் வந்து பிற்பகலுக்குள் நாலு ஏக்கரை முடித்துவிட்டுப் போகிறது, சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது, பிள்ளையை ரியூசனுக்கு விடவும் ஸ்கூட்டிதான். வேலை போய்விட்டது, சுண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் பக்கத்து உடம்புகளின் கதை பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

முக்கால் சுண்டை அரைச் சுண்டாக்குங்கள். இரண்டு நேரத்துக்கும் சேர்த்து 350 கலோரி குறைந்தது. கோப்பையில் வெறுமையாகிற இடத்தில் சோற்றை நினைத்துக்கொண்டு இராமல் பயற்றங்காய், பூசணி, முருங்கையிலை, ஒரு துண்டு குளத்து மீன் அல்லது ஒரு முட்டை, பருப்பு வையுங்கள். புரதம் இருந்தால்தான் பசி தாங்கும், தசையும் நிற்கும். தேங்காயை நிறுத்தச் சொல்ல மாட்டேன், எங்கள் ஆட்களிடம் அதைச் சொன்னால் கிளினிக்குக்கே வரமாட்டார்கள். முழுத் தேங்காய் அரைத்தேங்காய் ஆகட்டும். சீனியை ஒரு கிழமைக்கு அரைக்கரண்டி என்று இறக்குங்கள், மாதத்துக்குள் நாக்குப் பழகிவிடும். அந்த எட்டுக் கரண்டியில் மட்டும் 190 கலோரி அளவு இருக்கிறது. பிள்ளைகளின் கோப்பையில் ஆரம்பத்திலேயே கொஞ்சமாகப் போடுங்கள், வேண்டுமென்றால் திரும்பக் கேட்பார்கள். மிஞ்சினால் கோழிக்கு.

கூட்டினால் நாளைக்கு 500 கலோரி தாண்டும். கிழமைக்கு அரைக்கிலோ என்பது காகிதக் கணக்கு. சில நாள் பிசகும், ஆகவே ஏழு கிழமையில் இரண்டரை, மூன்று கிலோ என்று வையுங்கள். தொடக்கத்தில் தண்ணீரும் போகும் என்பதால் தராசு இன்னும் கொஞ்சம் கூடக் காட்டலாம், அதில் மயங்காதீர்கள். நிறையை விட இடுப்பை அளவுநாடாவால் பாருங்கள். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. நாளைக்கு அரைமணி நேரம் வேர்க்க நடவுங்கள். குளக்கட்டு நல்ல இடம், ஆனால் யானை இறங்குகிற பக்கமென்றால் விடியப்புறம் போகாதீர்கள். மெலியப் போய் அதற்கு அகப்படக் கூடாது.

உங்கள் உயரத்துக்கு 74 கிலோ என்றால் உடல் திணிவுச் சுட்டி 31க்குக் கிட்ட வருகிறது, எங்களுக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும். ஆகவே கலியாணத்தோடு நிறுத்தாதீர்கள். 35 வயது தாண்டிவிட்டதால் சுகவனிதையர் கிளினிக் நடக்கிற இடத்தையும் நாளையும் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டுப் போங்கள். சீனி, பிரஷர் பார்ப்பார்கள், காசில்லை. திடீரென்று உடம்பு வைத்ததென்றால் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாமியின் கிளினிக் கொப்பியையும் அந்தப் பைக்கற்றின் படத்தையும் ஒன்றாகக் கொண்டுபோய் அவவின் டொக்டரிடம் காட்டுங்கள். அவவுக்கு நான் சொல்வதை விட டொக்டர் சொன்னால்தான் ஏறும்.

மச்சாளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: குடித்து முடித்து ஒரு மாதத்துக்குப் பிறகு எத்தனை கிலோ நின்றவ?

கலியாண பிளவுஸுக்கு இப்போதே அளவு கொடுக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு முதல் கொடுத்தால் போதும். உள்தையலில் ஒரு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், நாலாம் சடங்கு முடிய விருந்துச் சாப்பாடு இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுமோ.